திருகோணமலையில் நீங்கள் கண்ட போர்க்கப்பல் எது? அனுபவப் பகிர்வு

கொட்டியாரக்கரை எழுதியது:

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குப் போர்க்கப்பல் ஒரு புதினமே இல்லை. டச் பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்திருப்போம். கோணேசர் கோயிலில் அர்ச்சனை முடித்து, இராவணன் வெட்டுப் பக்கம் வந்து நின்று பார்த்திருப்போம். ஆனால் அது எந்த நாட்டுக் கப்பல், பெயர் என்ன, எந்த வருசம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேரிடம் பதில் வராது. அந்தப் பதில்களை ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதைத் தொடங்குகிறேன். கப்பலில் வந்தவர்கள் தங்கள் கதையை நாள், நேரம் போட்டு எழுதி வைத்துவிட்டார்கள். கரையில் நின்ற எங்கள் சனம் கண்டதும் கேட்டதும் வாய்வழியாகவே வந்து, அந்த ஆட்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அது பெரிய கவலை.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். போர்நிறுத்தக் காலம். மூதூரில் மாமி வீடு இருந்ததால் லோஞ்சில் அடிக்கடி போவேன். அந்தப் பயணிகள் படகு, கடற்படைத் தளமான டொக்யாட் பக்கத்தைக் கடந்துதான் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கும். அப்படிப் போன ஒரு நாள், சாம்பல் நிறக் கப்பலொன்று வெகு கிட்டத்தில் நின்றது. முன்பக்கத்தில் பி 620 என்ற எண். நங்கூரச் சங்கிலி வருகிற துவாரத்துக்குக் கீழே துரு வடிந்து, செம்மண் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. கயிற்றில் தொங்கிய பலகையில் குந்தியிருந்த இரண்டு மாலுமிகள் அதைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, இது இந்தியாக்காரன்ர பழைய கப்பல்" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. விசாகப்பட்டினத்தில் கட்டி, 'சரயு' என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் ஓடி, 2000இல் இலங்கைக்கு வந்து 'சயுர' ஆன கப்பல் அது.

எழுதுகிறவர்கள் எங்கே நின்று பார்த்தீர்கள், எந்தக் காலம், பக்கத்தில் என்ன எண் இருந்தது என்று சொன்னால் போதும், கப்பலைக் கண்டுபிடித்துவிடலாம். 1995 ஏப்ரல் 19இல் துறைமுகத்துக்குள்ளேயே இலங்கைக் கடற்படையின் சூரயா, ரணசுறு என்ற கப்பல்கள் இரண்டும் தாக்கி மூழ்கடிக்கப்பட்டபோது ஊரில் இருந்தவர்களும் எழுதலாம். மனம் ஒப்பினால் மட்டும்.


வடகடல் எழுதியது:

நான் பார்த்த கப்பல் எங்கள் ஊரில் இல்லை, ஆனால் எங்கள் ஊரின் பெயரைச் சுமக்கிற கப்பல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் நிற்கிற 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பெயரைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய்மரப் போர்க்கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தின் தச்சர்கள் கட்டி, 1817 அக்டோபர் 12இல் தண்ணீரில் இறக்கியது. நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் தட்டுப்பாடாகிப் போனதால் தேக்கில் கட்டினார்கள். அதற்கான வரைபடங்கள் முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அந்தக் கப்பலை அடித்து அழித்தது. வரைபடமும் அதோடு போயிற்று. திரும்பப் பிரதி எடுத்து அனுப்பித்தான் வேலை தொடங்கியிருக்கிறார்கள்.

கட்டி முடித்து இங்கிலாந்துக்குப் போகிற வழியில், 1819 ஜனவரியில், செயின்ட் ஹெலினா தீவில் நின்றிருக்கிறது. நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோ அங்கிருந்து இதில்தான் ஏறினார். பிறகு பசிபிக் வரைக்கும் ஓடி, பழசாகி, 1897இல் விற்கப்பட்டு, 'பூட்ராயன்ட்' என்று வேறு பெயரில் பல தலைமுறை இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக இருந்து, பழுதுபார்த்தபோது 1992இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்றைக்கும் மிதந்துகொண்டு நிற்பவற்றில் ஆக வயதானது இதுதான். 'விக்டரி' இதற்கு மூத்தது, ஆனால் அது உலர்துறையில் ஏறி நிற்கிறது.

முகப்பில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆளின் சிலை. உள்ளே கீழ்த்தளத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது, எனக்கே குனியவேண்டி இருந்தது. பீரங்கிக்கும் பீரங்கிக்கும் இடையில் சாப்பாட்டு மேசை. ஆட்கள் அங்கேயேதான் சாப்பிட்டு, அங்கேயேதான் தூங்கியிருக்கிறார்கள். மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பழைய வீட்டு நிலைக்கதவு மாதிரி வழுவழுப்பும் குளிர்ச்சியும். வழிகாட்டியிடம் நான் அந்த ஊர்க்காரன் என்றேன். மனிதர் என் கையை விடவில்லை. துறைமுகம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, போனில் இருந்த படங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளைகளோடு.


உவர்மலைப் பேத்தி எழுதியது:

என்னுடைய அப்பப்பா சண்டைக் காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரைத்தான் அவர் சண்டைக் காலம் என்பார். 1944இல் துறைமுகம் முழுக்கக் கப்பலாக இருந்தது என்றும், "தொப்பியில சிவப்புக் குஞ்சம் வச்ச வெள்ளைக்காரர்" ஒரு பெரிய கப்பலில் வந்தார்கள் என்றும், அவர்கள் பேசுவது மற்ற வெள்ளைக்காரருக்கே விளங்காது என்றும் சொல்வார். சின்ன வயதில் அதைக் கதை என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

பிறகு வாசித்தபோது எல்லாம் பொருந்தி வந்தது. சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி பிரெஞ்சு மாலுமிகளுடையது. 1944 ஏப்ரலில் பிரான்சின் 'ரிஷ்லியூ' என்ற பெரும் போர்க்கப்பல் திருகோணமலைக்கு வந்திருக்கிறது. அதே மாதம் 16ஆம் திகதி இங்கிருந்து புறப்பட்ட படையணியில் அமெரிக்காவின் 'சரட்டோகா', பிரித்தானியாவின் 'இலஸ்ட்ரியஸ்' என்று இரண்டு விமானந்தாங்கிகள். அவற்றோடு 'குயின் எலிசபெத்', 'வேலியன்ட்', பிரெஞ்சு 'ரிஷ்லியூ', ஒல்லாந்து நாட்டின் 'ட்ரொம்ப்', நியூசிலாந்தின் 'காம்பியா', அவுஸ்திரேலியாவின் நாசகாரிகள் (டிஸ்ட்ரோயர் என்கிற வேகமான சிறிய போர்க்கப்பல்கள்). 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். இத்தனை நாட்டுக் கொடிகள் ஒரே நேரத்தில் எங்கள் துறைமுகத்தில் பறந்திருக்கின்றன! 'சரட்டோகா' 1946இல் பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனையில் மூழ்கடிக்கப்பட்டது.

அவர் அடிக்கடி சொல்கிற இன்னொன்று, கப்பல்களைத் தூக்கி வைத்துப் பழுதுபார்க்கிற மிதக்கும் டொக் உடைந்த இரவு. 1944 ஆகஸ்ட் 8. 'வேலியன்ட்' என்ற முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பலை டொக்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். இந்த டொக்கின் தொட்டிகளுக்குள் தண்ணீர் விட்டால் அது தாழும், இறைத்தால் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்பும். எந்தத் தொட்டியில் எவ்வளவு என்ற கணக்குப் பிசகினால் பாரம் ஒரு பக்கம் கூடி டொக்கின் முதுகெலும்பே முறிந்துவிடும். அன்றைக்கு அதுதான் நடந்தது. கப்பல் உள்ளே இருக்க டொக் உடைந்து தாழ்ந்தது. 'வேலியன்ட்' மூழ்காமல் தப்பினாலும் சுக்கானும் விசிறிகளும் சேதப்பட்டு, அந்தப் போரில் அது மறுபடி சண்டைக்குப் போகவில்லை. "இரும்பு கிழியிற சத்தம் வீட்டுக்குக் கேட்டது" என்பார் அப்பப்பா. அந்த டொக் இன்னும் கடலடியில் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். 1957 அக்டோபரில் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதையும் அவர் நின்று பார்த்தவர். அதைப் பற்றி ஒன்றுமே கதைக்க மாட்டார்.


கொட்டியாரக்கரை எழுதியது:

பேத்தி, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். சிவப்புக் குஞ்சம் எந்தப் புத்தகத்திலும் எங்கள் ஆள் கண்டதாக இருக்காது. அப்பப்பா சொன்ன மிச்சத்தையும் எழுதுங்கள், சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள்.


உப்புவெளி எழுதியது:

நிலாவெளி வீதி ஓரத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் சவக்காலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? தினமும் பஸ்சில் கடந்து போகிறோம். உள்ளே இறங்கிக் கல்லுகளை வாசியுங்கள். கடற்படைக்காரரின் கல்லில் நங்கூரம் செதுக்கி, பெயருக்குக் கீழே கப்பலின் பெயரும் இருக்கும். பத்தொன்பது வயது, இருபது வயது. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த வயதில்தான் கண் நிற்கும். கப்பல்களின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் தேடினால் அன்றைய துறைமுகமே கண்முன் வரும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கப்பலும் உங்கள் துறைமுகத்தில் இருந்து வந்ததுதான். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கப்போகின்றன என்று தெரிந்து, பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கியை முதல் நாளே துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். கூடவே அவுஸ்திரேலியாவின் 'வாம்பயர்' என்ற நாசகாரி. திரும்பி வரும்போது எங்கள் கரைக்கு அப்பால் ஜப்பான் விமானங்களிடம் மாட்டிக்கொண்டன. 'ஹேர்மிஸ்' தாங்குவதற்கு விமானம் ஒன்றுகூட அன்று அதில் இருக்கவில்லை. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. 307 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோரை 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வேலை தொடங்கிய உலகின் முதல் கப்பல் இது என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அது கிடக்கிற இடம் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும், மீன் கூடுகிற இடம். ஆழம் ஐம்பது மீற்றருக்கு மேல் என்பதால் பழகிய சுழியோடிகள்தான் இறங்கலாம். தம்பி முறையான ஒருவர் இறங்கினார். சரிந்து கிடக்கிறது என்றும், விமானத்தைச் சுடுகிற பீரங்கியின் குழாய் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றி மீன் கூட்டம் என்றும் சொன்னார். அது ஒரு கல்லறை. உள்ளே இருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதி.

அன்று வந்த ஜப்பான் அணியில் ஐந்து விமானந்தாங்கிகள். அவற்றில் 'அகாகி', 'சோரியு', 'ஹிரியு' மூன்றும் இரண்டு மாதத்துக்குள் பசிபிக்கில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே சண்டையில் மூழ்கிப்போய்விட்டன.


யாழ்தேவி எழுதியது:

எனக்குக் கப்பல் வரலாறு தெரியாது. ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்தவள் நான். பெயர் பதிந்து, காத்திருந்து, சோதனை முடிந்து ஏறுவதற்குள் உயிர் போய்விடும். கடலில் இரண்டு பக்கமும் டோராக்கள், அதுதான் கடற்படையின் வேகத் தாக்குதல் படகுகள், வந்தன. வேகமாக முன்னால் போகும், வட்டமடித்துப் பின்னால் வரும். எல்லோரும் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, என் மகன் மட்டும் யன்னலில் முகத்தை ஒட்டி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தான். காவலுக்கு வருகிறது என்று சொன்னார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் பயம்தான் கூடியது. விடியப்புறம் திருகோணமலை மலைகள் தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன். இதையும் இங்கே சேர்க்கலாம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கொட்டியாரக்கரை எழுதியது:

கட்டாயம் சேர்க்க வேண்டும் அக்கா. போர்க்கப்பலைக் கண்டது என்றால் எங்கள் தலைமுறைக்கு அநேகமாக இதுதான். மகன் இப்போது வளர்ந்திருப்பார், அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.


சல்லிப்பொடியன் எழுதியது:

2018 ஆகஸ்ட் மாதம் பெட்டி மாதிரி உயரமான ஒரு அமெரிக்கக் கப்பல் வந்து நின்றதே, அதன் பெயர் யாருக்காவது தெரியுமா? பக்கத்தில் 23 என்று மட்டும் இருந்தது. அதே போல, போன வருடம் பார்த்த ஒன்றில் பி 626.


கொட்டியாரக்கரை எழுதியது:

23 என்றால் 'ஆங்கரேஜ்'. இருநூறு மீற்றருக்கு மேல் நீளம். படையினரையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற வகை. பின்பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே கடல் தண்ணீரை விட்டால், தரையிறங்கு படகுகள் நேரே வயிற்றுக்குள் இருந்து வெளியே போகும். பி 626 எங்கள் 'கஜபாகு'. அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் 'ஷேர்மன்' என்ற பெயரில் 1968 முதல் ஓடி, வியட்நாம் போரையும் கண்டுவிட்டு, 2019இல் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தது.

தம்பி, 23ஐப் பார்த்த அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், உட்துறைமுகப் பக்கமா, கோட்டைப் பக்கமா? பின்கதவு திறந்திருக்கிற படம் எடுத்திருந்தால் போடுங்கள்.