நிலத்தில் கிடைத்த கனமான கறுப்புக் கல்: என்ன கல் என்று கண்டுபிடித்த விதம்

உழுது போட்ட மண்ணில் கிடைத்த கல் இது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் அந்த அளவுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றியது. சுற்றிலும் கிடந்தவை வெளிறிய கற்கள்; இது மட்டும் கறுப்பு, ஆங்காங்கே துருநிறம். பார்த்தவர்களில் பாதிப்பேர் விண்கல் என்றார்கள். ஒருவர் சுத்தியலால் உடைத்துப் பார்க்கச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கல்லின் மேற்பரப்பிலேயே பாதி விடை இருக்கிறது. கிடைத்த இடத்தையும் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த மண்ணைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனதும் முள் கல்லின் பக்கம் திரும்பியது. பலர் இங்கேயே விண்கல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான விண்கற்களில் இரும்பு-நிக்கல் உலோகம் உண்டு, காந்தம் ஒட்டும், உண்மைதான். ஆனால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவிலும் ஒட்டும். இன்னொரு விஷயம்: விண்கல் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் நியோடிமியம் என்ற மிக வலுவான காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் காந்தப் பதிவை அது அழித்துவிடும்.

அடுத்து, பீங்கான் டைல்ஸின் மெருகு இல்லாத பின்பக்கத்தில் கல்லின் ஒரு முனையைத் தேய்த்தேன். கறுப்புக் கோடு விழுந்தது. ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாதுவாக இருந்தால் செம்பழுப்பாக விழுந்திருக்கும். விண்கல் பொதுவாகக் கோடே போடாது, போட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எடைச் சோதனை. செலவே இல்லை, ஊகத்துக்கும் இடமில்லை. கல்லை அப்படியே நிறுத்தேன்: 620 கிராம். அப்புறம் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்கவிட்டேன். தராசு 121 காட்டியது. அதுதான் கல் விலக்கிய தண்ணீரின் எடை. 620-ஐ 121-ஆல் வகுத்தால் 5.1, அதாவது அதே அளவு தண்ணீரைவிட 5.1 மடங்கு கனம். கிரானைட்டுக்கு இது 2.7 அளவில் இருக்கும், சாதாரணக் கல்வகை விண்கற்களுக்கு 3.5-ஐ ஒட்டி, இரும்பு விண்கல்லுக்கு 7-க்கு மேல். மேக்னடைட்டுக்கு 5.2. காந்தம், கறுப்புக் கோடு, இந்த எண், மூன்றும் ஒரே பெயரைச் சொன்ன பிறகு சந்தேகம் நீங்கியது. புவியியல் கற்பிக்கும் ஒருவரிடம் காட்டியபோது, லென்ஸை வைத்து முக்கோண முகங்கள் கொண்ட சின்னப் படிகங்களைக் காட்டி, மேக்னடைட்தான் என்று உறுதிசெய்தார். விண்கல் இல்லையே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தப் படிகங்களைப் பார்த்ததே பெரிய மகிழ்ச்சி.

---

எடைச் சோதனையை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. எனக்கும் நிலத்தில் கறுப்புக் கல் கிடைத்தது, ஆனால் கதை வேறு. ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு, இன்னொரு பக்கம் குழம்பு வழிந்து உறைந்தது போன்ற மடிப்புகள். உடைந்திருந்த ஓரத்தில் நிறையக் குமிழித் துளைகள். காந்தம் சில இடங்களில் மட்டும் ஒட்டியது.

அந்தத் துளைகள்தான் விடை. விண்கல்லில் குமிழிகள் இருப்பது மிக அரிது. காற்றுமண்டலத்தில் அதிவேகமாகப் பாய்ந்து சூடேறும்போது அதன் மேல்தோல் மட்டுமே உருகி மெல்லிய கறுப்புப் படலமாகிறது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என்னிடம் இருந்தது உலையில் இரும்பு உருக்கும்போது கழியும் சிட்டம். அதே இடத்தில் இன்னும் தேடியபோது சுட்ட மண் துண்டுகளும், கரித்துண்டின் அச்சு பதிந்த சிட்டக் கட்டிகளும் கிடைத்தன. அங்கே எப்போதோ உலை இருந்திருக்க வேண்டும். தொல்லியல் தெரிந்தவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் அள்ளாமல், அந்த மூலையை மட்டும் உழாமல் விட்டிருக்கிறேன்.