லுபாங்கா வழக்குக்கு ஸ்டே போட்டது சரியா?

மூன்றாமாண்டு மாணவி:
வணக்கம். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் வழக்கைப் படிக்கிறேன். காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா, 15 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்துச் சண்டைக்கு அனுப்பியவர். 2008 ஜூனில், விசாரணை தொடங்கும் முன்பே நீதிபதிகள் ஸ்டே போட்டார்கள். அடுத்த மாதம் விடுதலைக்கும் உத்தரவு. பிராசிக்யூஷன் சில ஆவணங்களைக் காட்டவில்லை என்பதுதான் காரணமாம். பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு காரணமா?

பழைய வக்கீல்:
"சில ஆவணங்கள்" என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள், அம்மா. 200க்கும் மேல். பெரும்பாலானவை ஐ.நா. கொடுத்தவை, யாருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தின் 54வது பிரிவு அப்படி வாங்க அனுமதிப்பது, புது சாட்சியங்களைத் தேடிப் போக ஒரு துப்பாக மட்டும். இவர்களோ மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டார்கள். குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதும் அதற்குள் இருந்தது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 67வது பிரிவு. நீதிபதிகளுக்குக்கூடக் காட்ட முடியாது என்றால், எது சாதகம் என்று யார் முடிவு செய்வது? பிராசிக்யூஷனேவா?

நான் கிரிமினல் பக்கம் நின்றவன். "அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை சார்" என்று எந்தக் கட்டைக் காட்டிச் சொல்கிறார்களோ, அதற்குத்தான் முதலில் மனு போடுவேன்.

அப்புறம், லுபாங்கா வெளியே வரவில்லை. மேல்முறையீட்டில் விடுதலை உத்தரவு ரத்தானது, ஆவணங்களை நீதிபதிகள் பார்க்க வழி பிறந்தது, நவம்பரில் ஸ்டே நீங்கியது. 2012 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு 14 ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டவர்கள் 129 பேர் தங்கள் வக்கீல்கள் மூலம் அந்த விசாரணையில் பங்கெடுத்தார்கள்.

2010 ஜூலையில் இன்னொரு ஸ்டேயும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். சாட்சிகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்த இடைத்தரகர்களில் ஒருவரின் அடையாளத்தை டிஃபன்ஸுக்கு, அதாவது லுபாங்கா தரப்பு வக்கீல்களுக்குச் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம், பிராசிக்யூஷன் மறுத்தது. கடைசியில் என்ன ஆயிற்று? இடைத்தரகர்கள் சிலர் சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. முன்னாள் சிறார் வீரர்கள் என்று கூண்டேறியவர்களின் சாட்சியத்தை நம்ப முடியாமல், வீடியோ காட்சிகளையும் மற்ற சாட்சிகளையும் வைத்துத்தான் வயதை முடிவு செய்தார்கள். டிஃபன்ஸ் விடாமல் குடையாவிட்டால் இது வெளியே வந்திருக்குமா?

கேள்விக்குறி:
சரி சார், ஆனால் 2006இல் ஹேக் கொண்டுபோன ஆளுக்கு 2012இல் தீர்ப்பு. தேவையற்ற தாமதம் கூடாது என்பதும் அதே 67வது பிரிவுதானே?

பழைய வக்கீல்:
அதை நான் நியாயப்படுத்த மாட்டேன் தம்பி. அதே நீதிமன்றத்தில் காங்கோவின் முன்னாள் துணை அதிபர் பெம்பாவின் வழக்கு இன்னும் மோசம். 2008இல் கைது, 2018 ஜூனில் மேல்முறையீட்டில் விடுதலை. சாட்சிகளைக் கலைத்ததாகத் தனி வழக்கில் அவருக்குத் தண்டனை இருந்தது, உண்மை. அதற்கு ஓராண்டுதான். நஷ்டஈடு கேட்டார், 2020இல் தள்ளுபடி. 85வது பிரிவைப் படித்துப் பாருங்கள்: பகிரங்கமான, கடுமையான நீதிப்பிழை என்று காட்டினால்தான் நஷ்டஈடு, அதுவும் நீதிமன்றம் மனது வைத்தால். பத்து வருடம் உள்ளே இருந்தது கணக்கில் வராது.

மூன்றாமாண்டு மாணவி:
நன்றி சார். தீர்ப்பு கிட்டத்தட்ட 600 பக்கம், எங்கே தொடங்கட்டும்?

பழைய வக்கீல்:
இடைத்தரகர்கள் பற்றிய பகுதியில். தண்டனைப் பக்கம் அப்புறம் போகலாம்.