ஷயர் குதிரையின் உயரம் வளர்ச்சி ஹார்மோன் தந்ததா?

கடிவாளம்: பெரிய வண்டிக்குதிரையான ஷயரையும் குள்ளமான ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் அருகருகே நிறுத்துங்கள். ஒன்றின் தோளுக்கு மற்றொன்று எட்டவே எட்டாது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்தது, குறைவாகச் சுரந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. சிறிய நாய் இனங்களுக்கு, வளர்ச்சி ஹார்மோனின் ஏவலைச் செய்யும் ஐஜிஎஃப்-1 புரதத்தின் மரபணுவே முக்கியக் காரணம் என்று 2007-இல் கண்டார்களே!

மேய்ச்சல்நிலம்: நாயின் விடையைக் குதிரையின் முதுகில் ஏற்றாதீர்கள், ஐயா. 2012-இல் வெளியான ஆய்வில், குதிரை இனங்களின் உடலளவு வேறுபாட்டில் 83 சதவீதத்தை நான்கே மரபணு இடங்கள் விளக்கின. அந்த நான்கில் ஐஜிஎஃப்-1 இல்லை.

கடிவாளம்: நான்கு மரபணுக்களும் எதன் வழியாக வேலை செய்கின்றன? இறுதியில் ஹார்மோன்தானே?

மேய்ச்சல்நிலம்: "இறுதியில்" என்று சொல்லி எதையும் எதனோடும் முடிச்சுப் போடலாம். 1938-இல் வால்டன், ஹேமண்ட் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் சோதனையைப் பாருங்கள். ஷயர் பெண்குதிரைக்கு ஷெட்லாந்து ஆண்குதிரையின் விந்து, ஷெட்லாந்து பெண்குதிரைக்கு ஷயரின் விந்து. செயற்கைக் கருவூட்டல்தான், வேறு வழியில்லை! இரண்டு குட்டிகளும் பாதி ஷயர், பாதி ஷெட்லாந்து. ஆனால் ஷயர் தாய் ஈன்றது, பிறந்தபோது மற்றதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. கருப்பையின் இடமும் நஞ்சுக்கொடியின் பரப்பும் செய்த வேலை அது. வளர்ந்த பிறகும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை.

தொழுவம்: இருவருமே பாலின ஹார்மோனை மறந்துவிட்டீர்கள். அது எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டுகளை மூட உதவுகிறது. சிறுவயதில் காயடித்தால் தட்டுகள் தாமதமாக மூடும், கால் சற்று நீளும். 1846-இல் பிறந்து ஏறத்தாழ 219 செ.மீ. உயர்ந்த சாம்ப்சன், காயடித்த ஷயர்.

மேய்ச்சல்நிலம்: காயடித்த ஷயர்கள் எத்தனையோ உண்டு. அந்த உயரம் ஏன் சாம்ப்சனுக்கு மட்டும்? காயடித்தது கொஞ்சம் கூட்டியிருக்கலாம், மீதி, பிறவி.

கடிவாளம்: ஹார்மோன் பெரிய விஷயமில்லை என்றால் பந்தயங்களில் வளர்ச்சி ஹார்மோனை ஏன் தடைசெய்தார்கள்?

மேய்ச்சல்நிலம்: தசைக்கும் காயம் ஆறுவதற்கும் உதவுமோ என்ற அச்சத்தால். தட்டுகள் மூடிய குதிரைக்கு எவ்வளவு ஊசி போட்டாலும் கால் நீளாது. பந்தயத்தில் உயரத்துக்கா பரிசு தருகிறார்கள்?

கடிவாளம்: தட்டு மூடாத ஒரு வயதுக் குட்டிக்குப் போட்டால்? அதற்கு விடை சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

தொழுவம்: ஒரு வயதிலேயே இறுதி உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். மிச்சமிருக்கும் ஒரு பங்குக்குள்தான் உங்கள் ஊசி விளையாட வேண்டும், கடிவாளம்.