இலைக் கணக்கு புரோகிராமை ஒரே கிளிக்கில் ஏற்ற வழி உண்டா?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜெண்ட் அண்ணன் ஒருவருக்கு பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கு புரோகிராம் எழுதினேன். யார் எத்தனை கிலோ போட்டார், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம், மாசக் கடைசியில் கைக்கு எவ்வளவு, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது.

அவருடைய விண்டோஸ் 7 பெட்டியில் ஏற்றும்போதுதான் வினை. பைத்தான் போடும்போது அடியில் சின்னதாக வரும் ‘பாத்’ கட்டத்தில் டிக் அடிக்காமல் விட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைக்கு பைத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிறகு பிப் என்ற பைத்தான் கருவியால், புரோகிராமுக்குத் தேவையான இரண்டு லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த துணைப் பகுதிகள்) நெட்டிலிருந்து இறக்க வேண்டும். மழைக்கு நெட் போய்விட்டது. போனில் ஒரு மணி நேரம் “கறுப்புத் திரை வந்துதா அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், “தம்பி, பேனாவை இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லையே” என்று நோட்டைப் பிரித்துவிட்டார். பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்ற வழி இருக்கிறதா?

குன்னூர் மூடுபனி:
இருக்கிறது. பைஇன்ஸ்டாலர் என்ற கருவி உங்கள் புரோகிராம், பைத்தான், லைப்ரரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். விண்டோஸ் 7-க்கு பைத்தான் 3.8 தான் கடைசி, அதில் கட்டுங்கள். அவர் பெட்டியில் சர்வீஸ் பேக் 1 என்ற விண்டோஸ் அப்டேட் இருக்க வேண்டும். அவருடையது 32 பிட் விண்டோஸ் என்றால் 32 பிட் பைத்தானிலேயே கட்ட வேண்டும்.

ஒற்றைக் கோப்பாகக் கட்ட ஆசை வரும், வேண்டாம். திறக்கும்போதெல்லாம் தற்காலிக ஃபோல்டரில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் ஓடும். பழைய பெட்டியில் அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஃபோல்டராகக் கட்டி, இன்ஸ்டால் பண்ணும் செட்டப் கோப்பு தயாரிக்கும் இன்னோ செட்டப்பில் போட்டு, டெஸ்க்டாப்பில் ஐகான் வையுங்கள்.

லவ்டேல்:
கணக்குக் கோப்பை எங்கே வைக்கிறீர்கள்? நான் புரோகிராம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தேன். புது வெர்ஷன் போடுகிறேன் என்று பழைய ஃபோல்டரை அழித்ததும் ஒரு மாசக் கணக்கு அதோடு போயிற்று. வீடு வீடாகப் போய் எடைச் சிட்டையைக் கெஞ்சி வாங்கித் திரும்ப ஏற்றினேன். ஒரு பாட்டி சிட்டையில் வெற்றிலை மடித்து வைத்திருந்தார். புரோகிராம்களின் தகவலைத் தனியாக வைக்க விண்டோஸில் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
இருவருக்கும் நன்றி, ஓடிவிட்டது. கோப்பையும் ஆப்டேட்டாவுக்கு மாற்றிவிட்டேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அண்ணன் டெஸ்க்டாப் ஐகானைத் தொடவே இல்லை. தினமும் காலையில் பென் டிரைவைச் செருகி, செட்டப்பைத் திறந்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அடித்து, புதிதாக இன்ஸ்டால் பண்ணிவிட்டுத்தான் எடை எழுதுகிறார்! கணக்கு மட்டும் ஒரு கிலோ குறையாமல் இருக்கிறது. பென் டிரைவை மெதுவாகத் திரும்பக் கேட்டேன். “அதுலதானே தம்பி கணக்கு இருக்கு” என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.