துருக்கில முன்பின் தெரியாதவங்க குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுறாங்க, தடுத்தா தப்பா?

மழைத்தூறல்:
இஸ்தான்புல்ல இருக்கோம், கூட ரெண்டரை வயசுப் பொண்ணு. ஊர் அருமையா இருக்கு, ஒரே ஒரு விஷயம்தான் தாங்க முடியல. தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாம் கன்னத்தைக் கிள்றாங்க, முத்தம் குடுக்குறாங்க, நம்மளைக் கேக்காமலே கையில மிட்டாய் திணிக்கிறாங்க. நேத்து சாப்பிடப் போன இடத்துல வெயிட்டர் அவளை அப்படியே அள்ளிட்டு கிச்சனுக்குள்ள போயிட்டார், உள்ள இருக்கறவங்களுக்குக் காட்டவாம். அவ அவர் தோள் மேல இருந்து என்னைப் பாத்துக் கையை நீட்டி கத்த ஆரம்பிச்சுட்டா. ஓடிப்போய் வெடுக்குனு வாங்கிட்டேன். அன்பா செஞ்ச மனுஷனை அவமானப்படுத்திட்டேன்னு வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கார். நீங்களே சொல்லுங்க.

ஊர்சுற்றி:
நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. அங்க குழந்தைன்னா தெருவுக்கே சொந்தம்ங்க. ஏப்ரல் 23 அன்னிக்கு நாடாளுமன்றம் தொடங்குன நாளைக் குழந்தைகள் தினமா கொண்டாடி அரசு விடுமுறையே விடுற நாடு அது. ஃபெர்ரில நம்ம பையன் அடம் பிடிச்சு உருண்டப்ப ஒருத்தர் கூட முறைக்கல, ஒரு பாட்டி தன் பையில இருந்து எதையோ எடுத்துக் காட்டி அவனை அமத்திட்டாங்க. அந்த வசதி மட்டும் வேணும், கொஞ்சுறது மட்டும் வேணாம்னா எப்படி? ரெண்டும் ஒரே பொட்டலம்தான்.

தனிவழி:
ஊர்சுற்றி, பொட்டலத்தை வாங்குனது நீங்க. உங்க பையன் வாங்கல. டிக்கெட் போட்டது, ஊரைத் தேர்ந்தெடுத்தது எல்லாம் பெத்தவங்க, ஆனா முத்தம் வாங்க மட்டும் அந்தக் குழந்தையா? கைய நீட்டி அழுதாள்னு சொல்றாங்க, அதுக்கப்புறம் கலாச்சாரம் பத்திப் பேச என்ன இருக்கு.

கடுகு:
உணர்ச்சிவசப்படாதீங்க தனிவழி. வெளியூர் போனா அந்த ஊர் வழக்கம் தெரிஞ்சு நடக்கணும், இல்லன்னா என்ன ஆகும்னு 1997ல நியூயார்க்ல நடந்ததைப் படிச்சுப் பாருங்க. ஒரு டேனிஷ் அம்மா ரெஸ்டாரண்ட்டுக்கு வெளிய ஸ்ட்ரோலர்ல குழந்தையை விட்டுட்டு உள்ள உக்காந்திருந்தாங்க, டென்மார்க்ல அது சாதாரணம், குளிர்லயும் குழந்தையை வெளிய தூங்கப் போடுவாங்க. நியூயார்க் போலீஸ் அம்மாவைக் கைது பண்ணி, குழந்தையைச் சில நாள் வேற பராமரிப்புக்கு அனுப்பிட்டாங்க. எங்க ஊர்ல இப்படித்தான்னு சொன்னது எடுபடவே இல்ல.

தனிவழி:
அது போலீஸ் சமாச்சாரம், இது கன்னம் கிள்ற சமாச்சாரம். குழந்தையைக் கிள்ள விடலன்னா துருக்கி போலீஸ் கைது பண்ணுவாங்களா? சட்டம்னா அதுக்கு அடங்கித்தான் ஆகணும், ஸ்வீடன் 1979லயே பெத்தவங்க பிள்ளையை அடிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, உலகத்துலயே முதல் நாடு, அங்க போய் நம்ம பிள்ளைதானேன்னு கை ஓங்க முடியாது. அது குழந்தைக்கு வேலி போடுற சட்டம். நீங்க சொல்றது வேலியைப் பிரிச்சுப் போடச் சொல்றது, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

கடுகு:
கொஞ்சறதும் அடிக்கறதும் ஒண்ணா இப்ப?! நல்லா இருக்கு.

பவளமல்லி:
சண்டையை நிறுத்திட்டு ஒண்ணைக் கேளுங்க. அங்க கொஞ்ச காலம் வேலை பாத்தவ நான். மழைத்தூறல், நீங்க வேணாம்னு சொல்ல தலையை இடமும் வலமும் ஆட்டியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், சரியா? அங்க நிறைய பேருக்கு அது "புரியல"ன்னுதான் படும். வேணாம்ங்கறதுக்கு புருவத்தைத் தூக்கி தாடையை லேசா மேல தூக்குவாங்க, கூடவே நாக்கால ஒரு "ச்ச்". அது நமக்குத் திமிரு மாதிரி தெரியும், அவங்களுக்கு சாதாரணம். இன்னும் மரியாதையா சொல்லணும்னா வலது கையை நெஞ்சுல வச்சு சிரிச்சு லேசா தலை குனிங்க. நன்றி, ஆனா வேணாம்னு அர்த்தம். டீ குடுக்கறவங்களுக்கும் அதேதான். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மழைத்தூறல்:
ஆமா தலையைத்தான் ஆட்டினேன்! நான் ஆட்ட ஆட்ட அவர் சிரிச்சுக்கிட்டே கிச்சன் பக்கம் போறாரு, எனக்கு உள்ள பதறுது. ஆனா பவளமல்லி, சைகை தெரிஞ்சா மட்டும் போதுமா? அவங்க தூக்குற வேகத்துக்கு நெஞ்சுல கை வைக்கவே நேரம் இருக்காது.

பவளமல்லி:
கூட்டத்துல குழந்தையை உடம்போட கட்டித் தூக்குற கேரியர்ல போடுங்க, இல்லன்னா இடுப்புல. கீழ நிக்கிற குழந்தையைத்தான் சட்டுனு தூக்குவாங்க. கேக்காமலே சட்டையில நீலக் கண் மணி கூட குத்தி விடுவாங்க, கண்ணு படாம இருக்க. சின்ன மணி, ஊக்கு, வாயில போடற வயசு, அதை மட்டும் உடனே கழட்டிருங்க.

சுக்குக்காப்பி:
யாரும் சொல்லாத ஒண்ணு. ரெண்டரை வயசுன்னா பெருசா பயப்பட வேணாம், ஆனா இதைப் படிச்சுட்டு பச்சைக் குழந்தையோட போறவங்க கவனிங்க, உதட்டுல கொப்புளம் வர்ற ஹெர்பீஸ் வைரஸ் பெரியவங்களுக்கு ஒண்ணுமில்ல, பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. அந்த விஷயத்துல கலாச்சாரமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, முத்தம் வேணாம்னா வேணாம்தான்.

ஊர்சுற்றி:
பச்சைக் குழந்தைன்னா ஒத்துக்கிறேன். மத்தபடி நான் சொன்னதுல மாத்தம் இல்ல. தென் கொரியா போய்ப் பாருங்க, குழந்தைகளுக்கு அனுமதி இல்லன்னு போர்டு மாட்டுன கஃபே இருக்கு, 2017ல அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே ஜெஜு தீவுல ஒரு ரெஸ்டாரண்ட் அப்படிச் செஞ்சது பாகுபாடுன்னு சொல்லிச்சு. வாசல்லயே திருப்பி அனுப்புற ஊரை விட கிச்சனுக்குத் தூக்கிட்டுப் போற ஊர் எவ்வளவோ மேல்.

தனிவழி:
ரெண்டு ஊர்லயும் குழந்தையை யாரும் ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. அதான் என் பாயிண்ட்டே.

மழைத்தூறல்:
நாளைக்கு ராத்திரி பஸ்ல கப்படோக்கியா கிளம்புறோம். பஸ்ல ஒரு பையன் வந்து எல்லார் கையிலயும் எலுமிச்சை வாசனையில கொலோன்னு ஒரு வாசனைத் தண்ணி ஊத்துவாராமே, பாப்பாவுக்கு தோல் வறண்டு வெடிச்சிருக்கு, அது பட்டா எரியுமா?

பவளமல்லி:
கண்டிப்பா எரியும், ஆல்கஹால் அதிகம் அதுல. அவர் வரும்போது அவ ரெண்டு கையையும் உங்க ஒரு கைக்குள்ள மூடி வச்சுக்குங்க, இன்னொரு கையை மட்டும் நீட்டி வாங்கிக்குங்க. நீங்க வாங்கிட்டீங்கன்னா குழந்தைக்கு வற்புறுத்த மாட்டார். ஜன்னல் சீட்ல அவளை உக்கார வைங்க, நடைபாதைப் பக்கம் வீட்டுக்காரர் உக்காரட்டும், அவருக்குத்தான் அவங்க அன்பு பிடிச்சிருக்கே.