டர்பனில் பழைய நியான் பலகை: படங்களும் கைத்திறனாளரும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டர்பனில், முன்பு கிரே வீதி என்றும் இப்போது டாக்டர் யூசுப் தாது வீதி என்றும் வழங்கும் தெருவில், என் பெரியப்பா நடத்திவந்த தையற்கடையின் முகப்பில், நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இருபக்க நியான் பலகை ஒன்று இன்னும் இருக்கிறது. முகப்பைப் புதுப்பிக்கவிருக்கும் கட்டட உரிமையாளர், அதைக் கழற்றி எடுத்துக்கொள்ள எங்களுக்கு இசைவு தந்துள்ளார்.

கடற்காற்றில் தகரப் பெட்டியின் அடிவிளிம்பு துருவேறி உதிர்கிறது; கண்ணாடிக் குழாய்களோ பெரும்பாலும் முழுதாக உள்ளன, எழுத்துகளுக்கு இடையே ஒளி தெரியாதபடி பூசிய கறுப்பு வண்ணம்கூட உரியவில்லை. சிவப்பு எழுத்துகள் நியான் வாயுவால் ஒளிர்பவை. ஓரத்து நீலக் கோட்டில் ஆர்கனோடு பாதரசமும் இருக்கக்கூடும் என்பதால், குழாய் உடையாமல் இறக்கியாக வேண்டும். மின்மாற்றியும் ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது. ஆகவே ஏணியும் திருப்புளியுமாக முன்வரும் உறவினர்களைத் தள்ளியே நிறுத்தியிருக்கிறேன்.

கண்ணாடிக் குழாயைச் சூடேற்றி வளைத்து, வாயு நிரப்பத் தெரிந்தவர் டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருந்தால் தெரிவியுங்கள். எல்.இ.டி. பட்டை பொருத்தித் தருவோர் வேண்டாம்; அந்த ஒளி என் கண்ணுக்கு ஒட்டவில்லை.

1950 முதல் 1970கள் வரை அத்தெருவில் எடுத்த திருமணப் படங்களோ கடைத்திறப்புப் படங்களோ உங்கள் வீட்டில் இருந்தால், பின்னணியை ஒருமுறை பாருங்கள். பலகையின் மேல் வரியில் உதிர்ந்துபோன எழுத்துகளின் வடிவம் எங்களுக்குத் தேவை. மேலும், 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களில் மாற்றம் செய்ய மாகாண மரபுடைமை அமைப்பின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். இத்தகைய பலகைக்கு அதை விண்ணப்பித்துப் பெற்றவர்கள், எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்று எழுதினால் நன்றியுடையவனாவேன்.