நன்னீர் பட்டால் எண்ணெய்ப் பாறை ஏன் அடைக்கிறது?

கோத்தகிரி மாணவி:
அண்ணா, எண்ணெய் தேங்கியிருக்கும் மணற்பாறைக்குள் உப்புநீர் போனால் ஒன்றும் ஆவதில்லை, நன்னீர் போனால் அடைத்துக்கொள்கிறதாம். ஏன்?

குன்னூர்க்காரன்:
நரிமணம் எண்ணெய் வயலில் வேலை பார்த்தவன் நான். களிமண்தான் காரணம்மா. மணல்மணிகளில் கயோலினைட் என்ற களிமண் துகள்கள் ஒட்டியிருக்கும். உப்பு குறைந்தால் மணியும் துகளும் ஒன்றையொன்று தள்ளும். கழன்ற துகள் ஓட்டத்தோடு போய், மணிகளுக்கு இடையே உள்ள குறுகிய துளையின் வாயில் சிக்கும். கிணற்றை நெருங்க நெருங்க ஓட்டம் வேகம். அடைப்பும் அங்கேதான் மோசம். நம்மூர்ச் செம்மண்ணை இரண்டு டம்ளரில் கரைத்து, ஒன்றில் மட்டும் உப்புப் போட்டுப் பாரும்மா. உப்புப் போட்டது சீக்கிரம் தெளியும்.

கோத்தகிரி மாணவி:
சரி அண்ணா, அடைத்தபின்?

குன்னூர்க்காரன்:
ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையை ஏற்றிக் கரைப்பார்கள். ஹைட்ரோஃபுளோரிக் மகா ஆபத்தானது. அதற்குப் பதில் முதலிலேயே பொட்டாசியம் குளோரைடு உப்பு கலந்த நீரை விடுவது எவ்வளவோ மேல்.

ஊட்டி வாசகர்:
கால்சியம் உப்பும் களிமண்ணை நன்றாகப் பிடித்துவைக்கும். அப்புறம், எண்ணெயை அவசரப்பட்டு வேகமாக இழுக்கவும் கூடாது.